காய் லேட்டா, கை லேட்டா

எங்கள் வீட்டு டிவியில் நான்கு மாதம் வீடியோ கேம் ஆட்டம் கெட்டுக் கிடந்தது. படம் வந்தது, சத்தம் வந்தது, ஆட்டம் மட்டும் உருப்படவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டுக்காரன் தொழில் டிவி ரிப்பேர்.

இந்தத் தொழிலில் படம் நன்றாகத் தெரிந்தால் நம்மை ஒருவரும் நினைக்க மாட்டார்கள். தெரியாவிட்டால் நினைப்பார்கள், வாய்க்கு வந்தபடி. சர்க்கார் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்து, செகந்திராபாத் பக்கம் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் கடை போட்டேன். டியூப் டிவிகளோடு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஊருக்குள் சாஃப்ட்வேர் சம்பளம் வந்தது. பின்னாலேயே தட்டை டிவி வந்தது. புது டிவி வந்த வீட்டில் எல்லாம் முதல் வேலையாகப் பரணில் கிடந்த பழைய கேம் பெட்டியைக் கீழே இறக்கினார்கள். டியூப் டிவியில் பளிச்சென்று இருந்த அதே ஆட்டம், தட்டை டிவியில் மழையில் நனைந்த காலண்டர் மாதிரி தெரிந்தது. எனக்கு ஃபோன் வந்தது.

பழைய பெட்டியைப் புது டிவியில் மாட்டி அவஸ்தைப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டாதவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

பச்சை என்றால் என்ன நிறம்

கார்த்திக் எங்கள் காலனியில் இருக்கும் சாஃப்ட்வேர் பையன். தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. வீட்டில் பேசுவது தமிழ், எண்ணுவது இங்கிலீஷ், திட்டுவது ஹிந்தி. நிறம் சொல்வது தெலுங்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அங்கிள், கேம் கறுப்பு வெள்ளையா வருது" என்றான் ஃபோனில். கேம் பெட்டியில் இருந்து படம் கொண்டுவரும் வயர் மஞ்சள். டிவிக்குப் பின்னால் அதற்கு ஒரு மஞ்சள் ஓட்டை இருக்கும். பக்கத்திலேயே வேறு வேலைக்கு ஒரு பச்சை ஓட்டை. மஞ்சள் வயரைப் பச்சை ஓட்டையில் குத்தினால் படம் வரும், கலர் வராது. பாதி வீட்டில் வியாதி இதுதான். "பச்சைல குத்தியிருப்பே, பாரு" என்றேன். "பச்சல இல்லை அங்கிள். அதுக்குப் பக்கத்துல இருக்கு." பச்சைக்குப் பக்கத்தில் என்றால் மஞ்சள். "அப்போ சரிதான்" என்றேன். "சரின்னா ஏன் அங்கிள் கறுப்பு வெள்ளை?" நியாயமான கேள்வி. மெனுவில் கலர் சிஸ்டத்தை மாற்றச் சொன்னேன், திரும்ப மாற்றச் சொன்னேன். அரை மணி நேரம் போனது. கடையைப் பூட்டிவிட்டு நேரில் போனேன்.

மஞ்சள் வயர் பச்சை ஓட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "இது பச்சை இல்லாம என்னடா?" "இது ஆகுபச்ச அங்கிள். பச்ச அது" என்று மஞ்சள் ஓட்டையைக் காட்டினான். தெலுங்கில் பச்ச என்றாலே முக்கால்வாசிப் பேருக்கு மஞ்சள். நம் பச்சையைச் சொல்ல வேண்டுமானால் இலையைச் சேர்த்து ஆகுபச்ச என்பார்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், காமாலைக்குப் பச்சகாமெர்லு என்று சொல்கிறார்களே, அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். வயரை மாற்றிக் குத்தினேன். கலர் வந்தது. கார்த்திக் சொன்னான்: "அம்மாவோட பச்சை வேற, என்னோட பச்ச வேற அங்கிள். இனிமே நம்பர் போட்டுச் சொல்லுங்க."

குண்டு பௌலர்

புத்தி வந்தது. நம்பர் ஸ்டிக்கர் வாங்கி, போகிற வீட்டில் எல்லாம் வயருக்கும் ஓட்டைக்கும் ஒட்ட ஆரம்பித்தேன். அப்படி ஒட்டப் போன வீடுகளில் ஒன்று போவன்பள்ளி முனுசாமி வீடு. காய்கறி மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் மண்டி. வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்த குடும்பம், அவர் தமிழில் பாதி உருது.

அவர் வீட்டில் கிரிக்கெட் ஆட்டம். பௌலர் ஓடி வந்தால் பீரோ நகர்ந்து வருவது மாதிரி இருந்தது. பழைய ஆட்டம் சதுரமான திரைக்குச் செய்தது. புது டிவி அகலம், அதனால் இழுத்துக் காட்டுகிறது. ரிமோட்டில் அளவை மாற்றினேன். ஆட்கள் ஒல்லியானார்கள், பந்து உருண்டையானது, இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டை விழுந்தது. எனக்குத் திருப்தி. முனுசாமி தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "யே நக்கோ" என்றார், இது வேண்டாமாம். இதுதான் சரியான அளவு என்று விளக்கினேன். "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டு மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ பெரிய டிவியில ஓரம் காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்? ஆளுங்க குண்டாவே இருக்கட்டும் சார், நல்லா சாப்பிட்ட வீடுன்னு தெரியும்."

எங்கள் வீட்டு ஆட்டம்

சரோஜா என் மனைவி. எங்கள் பெண் பள்ளியில் படிக்கும்போது ஒரு கேசட் போடுகிற கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பெண் நாலு மாதத்தில் அலுத்துப்போய்விட்டாள். சரோஜா பிடித்துக்கொண்டாள். மேலிருந்து கட்டைகள் விழும். அதுகளைத் திருப்பித் திருப்பி, சந்து விடாமல் அடுக்க வேண்டும். லெவல் ஏற ஏறக் கட்டை வேகமாக விழும். பெண் கல்யாணமாகிப் புனே போய்விட்டாள், இவள் ஆடிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் என் ஃபோனைக்கூட எடுக்க மாட்டாள்.

வேலைக்கு வரும் யாதம்மா பாத்திரம் தேய்த்துவிட்டு, டீ கிளாஸோடு கதவோரம் உட்கார்ந்து பார்ப்பாள். ஆட மாட்டாள், உத்தரவு மட்டும் போடுவாள். நீளக் கட்டை வந்தால் "அதிகோ, பொடுகுதி ஒச்சிந்தி" என்று இவளுக்கு முன்னால் கத்துவாள்.

ஊரெல்லாம் தட்டை டிவி மாட்டுகிறேன், என் வீட்டில் டியூபா என்று ரோஷம் வந்தது. சரோஜாவைக் கேட்காமல் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு எல்சிடி கொண்டுவந்தேன். டியூபில் பதினான்காவது லெவல் வரை போனவள், அன்று ஒன்பதில் விழுந்தாள். மறுநாள் எட்டு. "ஏங்க, காய் லேட்டா திரும்புது" என்றாள். கட்டையை அவள் காய் என்றுதான் சொல்வாள். நான் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "காய் லேட்டா திரும்பலை, கை லேட்டா திரும்புது. வயசாச்சு" என்றேன். நல்ல ஜோக் என்று நினைத்தேன். சிரிக்கிறாளா என்று பேப்பரை இறக்கிப் பார்த்தேன். வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காவுக்குக் கை நடுக்கம். இப்போது அந்தம்மாவுக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும். சரோஜா சொன்னாள்: "அக்காவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சது. முதல்ல லேட்டு, அப்புறம்தான் நடுக்கம்."

தணிகாசலத்தின் குறி

அதே வாரம் லாலாகுடாவில் இருந்து தணிகாசலம் கூப்பிட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸில் புது டிவி. கேம் பெட்டியோடு வந்த துப்பாக்கியால் திரையில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். எத்தனை சுட்டாலும் ஒரு வாத்தும் விழவில்லை. மனுஷர் துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய்கூடப் போட்டிருந்தார். நான் போனபோது திரையில் இருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்து அவர் சம்சாரம், "வாத்து செத்துச்சா, இல்லை சிரிச்சுச்சா?" என்று கேட்டது.

அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவது இல்லை, பார்க்கத்தான் செய்கிறது. டியூப் டிவி படம் போடும்போது ஒரு வெளிச்சம் ஓடும், அது துப்பாக்கியின் கண்ணில் பட்டால்தான் குண்டு பட்டதாகக் கணக்கு. தட்டை டிவியில் அந்த வெளிச்சமும் இல்லை, அந்த நேரமும் ஒத்துப்போகாது. எண்ணெய் போட்டாலும் விழாது, கழுத்தைப் பிடித்தாலும் விழாது. சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து சமையலறை வாசலுக்குக் கூட்டிப்போனார். "சார், நான் குறி தப்பலைன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

படத்தைக் கழுவினேன்

சொன்னேன். தணிகாசலம் சம்சாரத்திடம் டிவிதான் தப்பு என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் சம்சாரத்திடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு செய்ததாக உள்ளே உறுத்தியது, ஆனால் அதைப் படத்தில் தேடினேன். படம் மங்கலாக இருப்பதால்தான் காய் அவள் கண்ணுக்கு லேட்டாகத் தெரிகிறது என்று முடிவு கட்டினேன்.

தடித்த நல்ல வயர் செய்து மாட்டினேன். கூர்மையைக் குறைத்தேன். டிவி மெனுவில் புள்ளியை எடுப்பது, கோட்டை மெழுகுவது, அசைவைச் சீராக்குவது என்று ஏழெட்டு சமாச்சாரம் இருந்தது, எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். 'கேம்' என்று ஒன்று இருந்தது. டிவிக்குள்ளேயே ஏதோ விளையாட்டு வைத்து விற்கிறான் என்று அதைத் தொடவில்லை. டிவி ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி இருந்ததால், கேம் பெட்டியின் சத்தத்தை மட்டும் என் பழைய ஸ்டீரியோவுக்குத் திருப்பினேன். படம் கழுவிவிட்ட மாதிரி வந்தது. கடையில் மாதிரிக்கு வைக்கலாம், அப்படிப் படம்.

சரோஜா உட்கார்ந்தாள். ஆறாவது லெவல். மறுபடி ஆடினாள். ஐந்து. கதவோரம் இருந்து யாதம்மா, "சார், சப்புடு முந்தொஸ்துந்தி, பொம்ம எனக ஒஸ்துந்தி" என்றாள். சத்தம் முன்னால் வருகிறதாம், படம் பின்னால் வருகிறதாம். வயரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் சொல்கிற விஷயமா இது? "டீ குடிச்சாச்சுன்னா போ" என்றேன். போனாள். சரோஜா கேம் பெட்டியின் வயரைச் சுற்றி, துணி போட்டு மூடினாள். "படம் ரொம்ப அழகா இருக்குங்க. என் கைதான் அதுக்கு ஒத்து வரலை."

இப்போதைக்கு

நரம்பு டாக்டரிடம் அவளே நேரம் வாங்கினாள். நான் கூடப் போனேன். கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், காகிதத்தில் சுருள் சுருளாக வரையச் சொன்னார். எல்லாம் செய்தாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை வாங்க" என்றார். எனக்கு 'ஒண்ணும் தெரியலை' காதில் விழுந்தது. அவளுக்கு 'இப்போதைக்கு' மட்டும் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் கை போகிற இடத்தை எல்லாம் அவள் கண் காவல் காத்தது. டம்ளரை இரண்டு கையால் பிடித்தாள். ஊசியில் நூல் கோர்க்க யாதம்மாவைக் கூப்பிட்டாள். தீபாவளிக்குப் பெண் வருகிறாள் என்று தெரிந்தும் கைமுறுக்கு சுற்றவில்லை. கைமுறுக்கு என்றால் எங்கள் தெருவில் அவள் கைதான். ஏழு சுற்று, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், அச்சடித்த மாதிரி. அந்த வருடம் கடையில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்தாள். பெண் ஒன்றை எடுத்துக் கடித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

மூன்று அமுக்கு

பெண் ஊருக்குப் போன மறுவாரம். கடையில் இருந்தேன். ஒரு கையில் பற்றவைக்கிற இரும்பு, இன்னொரு கையில் ஈயக் கம்பி. ஃபோன் அடித்தது. சரோஜா.

வீட்டில் நடந்தது இது. யாதம்மாவுக்கு ஆட்டம் பார்க்காமல் டீ இறங்கவில்லையாம். அவளே துணியை விலக்கி, வயரை நம்பர் பார்த்துக் குத்தி, டிவியைப் போட்டுவிட்டாள். என் ஸ்டிக்கர் அந்த மட்டுக்கு உபயோகப்பட்டது. ஆனால் கரண்ட் போய் வந்தால் எங்கள் டிவி அளவை மறந்துவிடும். கட்டைகள் எல்லாம் முனுசாமி வீட்டு பௌலர் மாதிரி அகலமாக விழுந்தன. "என்ன பட்டன் அமுக்கணும்?" என்று சரோஜா கேட்டாள். எங்கள் ரிமோட்டில் கீழ் வரிசையில் நாலு கலர் பட்டன். பச்சை அளவை மாற்றும். "பச்சையை மூணு தடவை அமுக்கு" என்று சொல்லி ஃபோனைத் தோளில் இருந்து தள்ளிவிட்டேன். வயருக்கெல்லாம் நம்பர் ஒட்டியவன் ரிமோட்டுக்கு ஒட்டவில்லை.

சரோஜா கையில் புளி. அடுக்களையில் இருந்தே யாதம்மாவுக்குத் தெலுங்கில் சொன்னாள்: "பச்ச பட்டன் மூடு சார்லு நொக்கு." யாதம்மா தன் பச்சயை மூன்று தடவை அமுக்கினாள். அதாவது மஞ்சளை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். திரையில் நான் கழுவி வைத்த படத்தைக் காணோம். புள்ளி புள்ளியாக, ஓரம் பிசிறாக, நிறம் வெளுத்துக் கிடந்தது. கட்டை இன்னும் அகலமாகத்தான் இருந்தது. மத்தியானம் யாதம்மாவின் நச்சரிப்புக்காகச் சரோஜா உட்கார்ந்த ஆட்டம் சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்றாவது லெவலில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. யாதம்மா அடுத்த வீட்டு வேலைக்குப் போகாமல் கதவோரமே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்: "அம்ம செய்யிகி ஏம் காலே சார். மீ டிவிகே முசலிதனம்." அம்மாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் டிவிக்குத்தான் கிழடு தட்டிவிட்டது.

முழுசா சொல்லுங்க

ரிமோட்டை எடுத்தேன். மஞ்சளை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் படம் காட்டுகிற விதம் மாறியது. மூன்றாவது அமுக்கில் 'கேம்' வந்து நின்றிருந்தது. டிவிக்குள் விளையாட்டு இருக்கிறது என்று நான் விட்டுவைத்த அதே கேம். அதை எடுத்துவிட்டு என் பழைய ஏற்பாட்டைப் போட்டேன். ஸ்டீரியோவில் டக் என்று கேட்டது, அதற்கப்புறம் கட்டை திரும்பியது. திரும்ப கேமைப் போட்டேன். டக்கும் திரும்பலும் ஒன்றாக வந்தன. வாங்கின படத்தை மெழுகி, சீவி, சிங்காரித்துக் காட்ட டிவிக்கு நேரம் பிடிக்கிறது. நான் எவ்வளவு அழகாக்கினேனோ அவ்வளவு லேட். கேமில் வைத்தால் மெழுகுவதை விட்டுவிட்டு வந்ததை வந்தபடி காட்டுகிறது. யாதம்மா இதை அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தாள். அவளிடம் நான் டீயைப் பற்றிப் பேசினேன்.

"புள்ளியா இருக்கே, பரவாயில்லையா?" என்று சரோஜாவைக் கேட்டேன். "புள்ளி இருந்தா என்ன, நான் கோலமா போடறேன்?" என்றாள். அடுத்த காயை இறக்கிவிட்டு, ஆட்டத்தை நிறுத்தாமலே, "என் கைன்னு சொன்னீங்களே" என்றாள்.

"சொன்னேன்."

"இப்போ சொல்லுங்க."

"டிவி."

"முழுசா சொல்லுங்க. யாதம்மாவும் கேக்கட்டும்."

பிற்பாடு நடந்தது

சொன்னேன், முழுசாக, இரண்டு பாஷையில். மறுநாள் கடையில் முதல் வேலையாக கார்த்திக்கைக் கூப்பிட்டேன். அவனும் ரொம்ப நாளாகக் கிரிக்கெட்டில் பேட் லேட்டாக வருகிறது என்று முனகிக்கொண்டிருந்தான், பந்து சீக்கிரம் வருகிறது என்று வைத்துக்கொள் என்று அனுப்பியிருந்தேன். கேமில் வைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஃபோன் வந்தது. "பேட் டைமுக்கு வருது அங்கிள். இப்பவும் அவுட்தான் ஆகறேன், ஆனா டைமுக்கு அவுட் ஆகறேன்."

மூன்று மாதம் ஆனதும், வரச் சொன்னாரே என்று டாக்டரிடம் போனோம். அதே விரல், அதே நடை, அதே சுருள். சரோஜா வரைந்த சுருளை இந்தத் தடவை நானே பார்த்தேன், ஏழு சுற்று, ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. டாக்டர் "ஒண்ணும் இல்லைம்மா, இனிமே வர வேண்டாம்" என்றார். சரோஜா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியும் டாக்டர், டிவியைச் சரி பண்ணியாச்சு."

சொந்தப் பெண்டாட்டியின் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு டிவியை நான்கு மாதம் கழுவினவன் மெக்கானிக், பச்சை என்று சொன்னால் மஞ்சளை அமுக்கி மூன்றே அமுக்கில் அதைச் சரிசெய்தவள், அந்த வாரமே சரோஜா சுற்றின கைமுறுக்கில் முதல் தட்டு வாங்கிக்கொண்டு போன யாதம்மா.